பெயர் சொல்லிக் கேட்ட பயணி

கப்பலில் வருகிறவன் எவனும் டாக்ஸி ஓட்டுகிறவளைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டான். அவனுக்கு வேண்டியது ஒரு கடற்கரை, ஒரு அருவி, ஜில்லென்று பியர், கப்பல் கிளம்புவதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு வண்டி. ஓட்டுவது வெர்லினாக இருந்தால் என்ன, வேறு எவளாக இருந்தால் என்ன? அதனால்தான் அன்று காலை கத்பர்ட் துறைமுக வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூவியபோது கூப்பிடுவது வேறு எவளையோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கத்பர்ட்தான் எங்களுக்கு முறை பார்த்து வண்டி அனுப்புகிறவர். எங்கள் தீவின் செயின்ட் ஜார்ஜ் துறைமுகத்தில் வரிசை என்றால் வரிசைதான். பெற்ற தாயே கப்பலிலிருந்து இறங்கி வந்தாலும் முறை வந்தவன் வண்டியில்தான் ஏற வேண்டும். எனக்கு முன்னால் பாதி வரிசை காத்துக்கொண்டிருந்தது.

"வெர்லின்! வண்டியை எடுத்துட்டு முன்னால வா. இவரு உன்னைத்தான் கேக்குறாரு, பேரு சொல்லி!"

முதல் வண்டிக்காரன் ராலி கதவில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "என்ன கத்பர்ட், காலங்காத்தால உனக்கு மீன் வறுத்துக் குடுத்தாளா?"

"பேரு சொல்லிக் கேட்டா முறை கிடையாதுடா. அதுதான் சட்டம்."

"எவன் போட்ட சட்டம்?"

"நான் போட்டேன். இப்பத்தான்."

வரிசை முழுக்க முணுமுணுத்தது. நான் அதைக் கண்டுகொள்ளாமல் வண்டியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி அந்த ஆளைப் பார்த்தேன். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் நிறம்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. துண்டு இல்லை, கேமரா இல்லை, தொப்பி இல்லை. கடலில் கால் நனைக்க வந்தவன் இப்படியா வருவான்?

"குட் மார்னிங், மிஸ் வெர்லின்," என்றான்.

சந்தேகத்துக்கு அதுவே போதும். கப்பல் ஜனங்கள் காரியத்தைத்தான் முதலில் பேசுவார்கள். "எவ்வளவு?" என்பார்கள், "பீச் எங்கே?" என்பார்கள். முதலில் வணக்கம் சொல்லிவிட்டு அப்புறம் வாயைத் திறக்கிறவன் எங்கள் தீவில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும், இல்லை எங்கள் தீவுக்காரர் யாராவது முதுகில் இரண்டு வைத்து வளர்த்தவனாக இருக்க வேண்டும். இவன் பேச்சோ கனடாக்காரன் மாதிரி மூக்கால் வந்தது.

"எங்க போகணும், மிஸ்டர்?"

"மோர்ன் லிலெட்."

சாவியைப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. மோர்ன் லிலெட் எந்த வரைபடத்திலும் கிடையாது. கூயாவ் ஊருக்கு மேலே ஒரு குன்று, சில வீடுகள், நிறைய ஆடுகள், அவ்வளவுதான். அந்தச் சில வீடுகளில் ஒன்று என்னுடையது.

"அங்க என்ன இருக்கு மிஸ்டர்? ஆட்டுப் புழுக்கை இருக்கு. வழுக்குற ரோடு இருக்கு. நல்ல அருவி காட்டுறேன், வாங்க."

"ஒரு நண்பர் சொன்னாரு, அவசியம் பாருன்னு."

நண்பராம். எலி சும்மா அம்மணமாக ஓடாது. வண்டியை எடுத்தேன்.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது குடும்ப நிலம். எங்கள் பக்கத்தில் குடும்ப நிலம் என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். முதலில் வாங்கிய கிழவனின் ரத்தம் யார் உடம்பில் ஓடினாலும், அவன் லண்டனில் இருந்தாலும் நரகத்தில் இருந்தாலும், வந்து காய் பறிக்கலாம், வீடு போடலாம், செத்தால் புதைபடலாம். போடுகிற வீடு மட்டும் பலகை வீடாக இருக்க வேண்டும், வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. எவன் சிமெண்டுச் சுவர் எழுப்புகிறானோ அவன் நிலத்தை விழுங்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். நான் சுவர் எழுப்பியிருக்கிறேன். ஐவன் புயலில் பலகை வீடு பறந்துபோன பிறகு, இனிமேல் கூரையைத் துரத்திக்கொண்டு ஓட என்னால் ஆகாது என்று, வண்டி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டுக் கட்டினேன்.

அதற்கும் மேலே ஒன்று. நிலம் என் அப்பா வழி. அப்பா என்றால், என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளாமல், நான் உட்காரப் பழகுவதற்கு முன்பே கப்பலேறிப் போன ஆல்வின் மொடெஸ்ட் என்கிற மனிதர். நான் வெளிப்பிள்ளை. பெயருக்குப் பின்னால் அம்மாவின் பெயர்தான். கல்யாணத்தில் பிறந்த உள்பிள்ளை எவனாவது ஒருநாள் வந்து, "இது எங்கள் நிலம், நீ யார்?" என்று கேட்டால் என் சுவர்களைத் தவிர எனக்குச் சாட்சி கிடையாது. போன வருஷம் பக்கத்துக் குன்றுக்கு இப்படித்தான் ஒருவன் வந்தான். அவனும் ஷூ போட்டிருந்தான், தேனாகப் பேசினான், மரத்துக்கு மரம் நின்று படம் எடுத்தான். பின்னாலேயே வக்கீல் வந்தார், ஹோட்டல்காரன் வந்தான். அங்கே இருந்த பாப்டிஸ்ட் குடும்பம் சட்டிபானையோடு மச்சான் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

மடியில் கனம், வழியில் பயம். எனக்கு இரண்டும் இருந்தன.

எங்கள் தீவில் யாரைப் பார்த்தாலும் மூச்சு விடுவதற்குள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்க ஆளுங்க யாரு?" கேட்டால் போதும், மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் சொந்தமாகிவிடுவோம். அன்று முழுக்க அந்தக் கேள்வியைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டு, அவன் "மொடெஸ்ட்" என்று சொல்லிவிட்டால், பிறகு நான் என்ன செய்வேன்? மிஸ்டர், மிஸ்டர் என்றே ஓட்டினேன்.

முதலில் அவனை அருவிக்குக் கொண்டுபோனேன். பொழுதைக் கரைத்துவிட்டால் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று திருப்பிவிடலாம் அல்லவா? அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. இப்ப போலாமா?" என்றான். ஜாதிக்காய் உலர்த்துகிற இடத்தில் நிறுத்தினேன். முகர்ந்து பார்த்தான், "எங்க வீட்டுல கஞ்சிக்குக்கூட இதைத் துருவிப் போடுவாங்க," என்று வாய்தவறிச் சொன்னான், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆகா, என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

கடலோர ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது மெல்ல நூல் விட்டுப் பார்த்தான்.

"பிள்ளைங்க இருக்காங்களா, மிஸ் வெர்லின்?"

"ஒரே மக. கல்யாணமாகி டிரினிடாட்ல இருக்கா."

"அப்ப தனியாத்தான் இருக்கீங்க."

"தனியா இல்ல. வெட்டுக்கத்தி இருக்கு, நாய் இருக்கு."

சிரித்தான். கொஞ்சம் பொறுத்து, "வீடு பலகை வீடா, சுவர் வீடா?" என்றான்.

பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஜன்னல் வழியாக என் பரம்பரையையே திட்டிக்கொண்டு தாண்டிப் போனான். எந்த வெளியூர்க்காரனுக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரியும்? வீட்டுக்கு எத்தனை அறை என்பான், கடல் தெரியுமா என்பான். பலகையா சுவரா என்று கேட்கிறவனுக்கு, சுவர் என்று பதில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும்.

"ஏதோ ஒரு வீடு," என்றேன்.

மோர்ன் லிலெட்டைச் சாலையிலிருந்தே காட்டிவிட்டுத் திரும்பிவிடுவது என்பது என் திட்டம். ஆனால் வளைவிலேயே டான்டி ஓரா உட்கார்ந்திருந்தாள். டான்டி என்றால் அத்தை. ஓரா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, அதே நிலத்தில் எனக்குப் பக்கத்துப் பலகை வீட்டுக்காரி. அவள் வாய்க்குள் போன ரகசியம் மத்தியானத்துக்குள் கூயாவ் மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைக்கு என்னவோ தேவாலயத்துக்குப் போகிற கவுனைப் போட்டுக்கொண்டு, தலையில் புதுத் துணி கட்டிக்கொண்டு, கரி அடுப்புக்குப் பக்கத்தில் யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தாள்.

"நிறுத்துடி! விருந்தாளியை வச்சுக்கிட்டு எங்க ஓடுற? இறங்குப்பா, இறங்கு. சாப்பிடாம இந்த மலையை விட்டு எவனும் இறங்குனது கிடையாது."

"டான்டி, இவருக்குக் கப்பல் இருக்கு."

"கப்பல் என்ன என் சோத்தையா தூக்கிட்டுப் போவுது? வா ராசா."

அடுப்பில் முழுச் சீமைப்பலாக்காய் ஒன்று வெந்துகொண்டிருந்தது. கரியைச் சுரண்டி, பிளந்து, கருவாட்டுப் பொரியலோடு வைத்துக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே கையால் பிய்த்துச் சாப்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான் என்றுகூடச் சொல்வேன்.

"இந்தக் காய் இங்க உள்ள மரத்துதா?"

"சந்தையில வாங்குனது," என்று நான் முந்திக்கொண்டேன்.

டான்டி ஓரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமாமா. சந்தைதான். பெரிய சந்தை," என்றாள். பிறகு தட்டு எடுக்கிற சாக்கில் என்னை உள்ளே இழுத்துப் போய், கையில் நறுக்கென்று கிள்ளினாள். "அந்த நெத்தியைப் பாருடி. நல்லாப் பாரு."

"பாத்தேன். வழுக்கை விழப் போற நெத்தி."

"உனக்குக் கண்ணு எதுக்கு இருக்கோ!" என்று சொல்லிவிட்டு வேறொன்றும் சொல்லாமல் உதட்டை இறுக்கிக்கொண்டாள். டான்டி ஓரா உதட்டை இறுக்குவதா? அப்போதே முடிவு கட்டிவிட்டேன், இவள் அவனோடு கூட்டு. எவ்வளவு கொடுத்தானோ! என்னைத் துரத்திவிட்டுப் பாதி நிலம் இவளுக்கு என்று பேசியிருப்பான். கூட இருந்தே குழி பறிக்கிறாள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

வெளியே வந்தால் அவன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நாய் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு துண்டு கருவாடு போட்டிருக்கிறான். நான் ஓடிப்போய் வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை அடைத்துக்கொண்டு நின்றேன். கொல்லைக்குப் போக அது ஒன்றுதான் வழி.

"நல்ல வீடு," என்றான் சுவரைத் தட்டிப் பார்த்து. "கெட்டியாக் கட்டியிருக்கீங்க."

"நான் கட்டுனேன். என் காசு."

"இல்லைன்னு சொல்லலையே." அவன் கண் என் தோளுக்கு மேலே போனது. "என் நண்பர் ஒண்ணு சொன்னாரு. இங்க ஒரு சீமைப்பலா மரம் இருந்துச்சாம். அவரோட தொப்புள்கொடி அதுக்கடியிலதான் இருக்காம்."

நிலத்துக்குப் பத்திரம் இல்லாத எங்களுக்கு மரம்தான் பத்திரம். பிள்ளை பிறந்தால் கொடியைப் புதைத்து மேலே ஒரு கன்று நடுவார்கள். அந்த மரம் நிற்கிற வரைக்கும் அவனுக்கு அங்கே இடம் உண்டு, உலகத்தில் எங்கே போனாலும். எவனும் அதை இல்லை என்று சொல்ல முடியாது. கொல்லையில் நிற்பது எந்தக் கிழவனுடைய மரமோ எனக்குத் தெரியாது. அது காய்க்கும், நான் தின்பேன், அவ்வளவுதான். ஆனால் அதைக் காட்டிக்கொடுத்தால் இவன் கையில் நானே பத்திரத்தைக் கொடுத்த மாதிரி.

"போயிடுச்சு," என்றேன். "ஐவன்ல. அந்தப் புயல்தான் மலையையே மொட்டை அடிச்சுதே, உங்க நண்பர் கேள்விப்படலையா?"

"விழுந்துடுச்சா?"

"வேரோட."

அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் தொப்பென்று பழுத்த காய் ஒன்று விழுந்தது.

"என்ன சத்தம்?"

"ஆடு," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மாடி உயர மரத்தையே மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் என்னையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ கணக்குப் பரீட்சையில் பிள்ளை தப்பான விடை எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வாத்தியார் மாதிரி பார்த்தான்.

"மிஸ் வெர்லின், ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன். அந்தக் குடும்பத்துல யாராவது திரும்பி வந்தா, இங்க இடம் இருக்குமா?"

வந்துவிட்டதா விஷயம்! காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"யாராவதா? நான் வாந்தியும் பேதியுமாக் கிடந்தப்ப அந்த யாராவது எங்க இருந்தாங்க? என் அம்மா கல்லு உடைச்சு என்னைப் படிக்க வச்சப்ப எங்க இருந்தாங்க? புயலடிச்சு நான் கட்டிலுக்கு அடியில கிடந்தப்ப ஒருத்தன் போன் பண்ணிக் கேட்டானா, இருக்கியா செத்தியான்னு? இப்ப கப்பல்ல சொகுசா வந்து இடம் இருக்கான்னு கேக்குறாங்களாம். சொல்லுங்க உங்க நண்பர்கிட்ட. இங்க படுக்கவும் இடமில்ல, செத்தாப் புதைக்கவும் இடமில்ல!"

டான்டி ஓரா தன் வாசலிலிருந்து, "வெர்லின்!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் மெல்லத் தலையாட்டினான். "சரி. துறைமுகத்துக்குப் போயிடலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஷூ போட்ட ஒருவனை, அவன் கூலிக்கு அமர்த்திக்கொண்ட கிழவியோடு சேர்த்துத் தோற்கடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். துறைமுக வாசலில் இறங்கி, பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "உடம்பைப் பாத்துக்கங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து மறைந்தான்.

பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஒரு மோபி பானமும் வாங்கிக்கொண்டு, என் வெற்றியைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளக் கத்பர்ட்டிடம் வந்தேன். கடைசிப் பயணிகள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கத்பர்ட் பாதாம் மரத்தடிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கடி போன இவ்வளவு நேரம்? உன் கிழவரு இப்பத்தான் உள்ள போனாரு."

"எந்தக் கிழவரு?"

"நீ கிளம்புன கையோட கப்பல் ஆளு ஒருத்தன் சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்தான். நாள் பூரா இங்கதான், என் பக்கத்துல. ஊருக்குள்ள போய்ப் பாருங்க ஐயான்னேன், வேணாம்னுட்டாரு. உன்னைப் பத்தியே கேள்வி. நல்லா ஓட்டுவாளா, கோவம் வருமா, சிரிக்கும்போது எப்படி இருப்பா. ஏதுடா, இந்த வயசுல பொண்ணு பாக்க வந்திருக்காரோன்னு நெனச்சேன்!"

மோபி கையில் இருந்தது, குடிக்க மறந்துவிட்டேன். "நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். நாக்கு வெட்டுக்கத்தி மாதிரி இருக்கும், ஆனா பசின்னு வந்தவனை வெறும் வயித்தோட அனுப்ப மாட்டான்னு. அப்படியே சிரிச்சாரு. 'எங்க அம்மாவும் அப்படித்தான்'னாரு."

"கத்பர்ட், அவரு பேரு என்ன?"

"நான் கேட்டேன், 'உங்க ஆளுங்க யாரு'ன்னு. 'சாயங்காலம் சொல்றேன், அவ வந்தப்புறம்'னாரு." கத்பர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்புறம் உன் பயணி வந்தான். அவரு மகனாம். கிழவரு அவன்கிட்ட உன்னைப் பாத்தியான்னுகூடக் கேக்கல, முதல்ல கேட்டது, 'மரம் இருக்கா?' அவன் குனிஞ்சு, 'ஐவன்ல போயிடுச்சாம், அப்பா'ன்னான். 'அவளே சொன்னாளா?' 'அவங்களேதான்.' வேற ஒண்ணும் அவன் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் கிழவரு என்னைப் பாத்துச் சொல்றாரு, 'போன ஞாயித்துக்கிழமைதான் ஓரா போன்ல சொன்னா, கிளை ஒடியுற மாதிரி காய்ச்சிருக்குன்னு. மரம் நிக்குது. ஓராவுக்கு வாய் நிக்காது, நாங்க யாருன்னு அவகிட்டச் சொல்லியிருப்பா. தெரிஞ்சுதான் மரம் இல்லைன்னிருக்கா. இது அவ எனக்குச் சொன்ன பதில்.' அப்புறம், 'நியாயமான பதில்தான்'னாரு. தள்ளச் சொல்லிட்டுப் போயிட்டாரு. என்னடி மரம் அது? ஏன் இப்படி நிக்குற?"

டான்டி ஓரா வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் அன்றைக்கு.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இத்தனை வருஷம் ஒரு காகிதம் போடாத மனிதர், ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருக்கக் கூடாதா? மகனை வேவு பார்க்க அனுப்பியா என்னைச் சோதிப்பது? நான் என்ன சந்தையில் விற்கிற ஆடா, பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்க? ஆத்திரத்தோடேயே வாசலுக்கு ஓடினேன். காவல்காரன் குறுக்கே கையை நீட்டினான். ஏணியைத் தூக்கியாகிவிட்டது, யாரையும் உள்ளே விட முடியாது என்றான். நான் அவனைத் திட்டியதையெல்லாம் அவன் மகளுக்கு முன்னால் திரும்பச் சொல்ல மாட்டேன்.

புதைக்கவும் இடமில்லை என்று சொன்னேனே, அதை அவன் கிழவரிடம் சொல்லவில்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தானே, அந்தச் சொல்லை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் பிடித்திருந்தான். என் தம்பி. அவன் பெயர் எனக்குத் தெரியாது.

கடல் சுவரை ஒட்டி ஓடினேன். கப்பல் அதற்குள் கரையை விட்டு விலகியிருந்தது. மேல் தளங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக ஜனங்கள். ஸ்டீல் டிரம் வாத்தியம் காதைப் பிளந்தது. "மரம் நிக்குது!" என்று கத்தினேன். "ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு! எனக்குத் தெரியாது, யாரும் சொல்லல, தெரியாமச் சொல்லிட்டேன்!" பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், அப்பனை எப்படிப் பெயர் சொல்வது? அப்பா என்று கூப்பிடலாம் என்றால், அந்தச் சொல்லை நான் யாரையும் பார்த்து உபயோகித்ததே இல்லை. வாயில் அது வேற்று மனுஷியின் பல் மாதிரி இடித்தது. அப்படியும் கூப்பிட்டேன்.

கரையில் ஒருத்தி ஓடிக்கொண்டே கத்துவதைப் பார்த்து அவர்களுக்கெல்லாம் சந்தோஷம். கைகளை ஆட்டினார்கள், விசில் அடித்தார்கள். ஒரு பெண் எனக்கு முத்தம் ஊதி அனுப்பினாள். அவர் முகம் எனக்குத் தெரியாது, வீட்டில் இருந்த ஒரே படத்தை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். அதனால் சக்கர நாற்காலியில் கை ஆட்டாத ஒருவரைத் தேடினேன். தளம் தளமாக, கம்பி கம்பியாகத் தேடினேன்.

வளைகுடாவின் வாயில் கப்பல் மெல்லத் திரும்பியது. இந்தப் பக்கம் நின்றவர்கள் மறைந்து, அந்தப் பக்கத்து ஜனங்கள் கண்ணுக்கு வந்தார்கள். அவர்களும் கையை ஆட்டினார்கள்.